அடுத்தடுத்த இரண்டு கதவுகள்: ஓர் அலுவலகக் கூட்ட அறை குறித்த நிகழ்வு ஆய்வு

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள பலமாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது தளத்தை வாடகைக்கு எடுத்திருந்த ஒரு மென்பொருள் நிறுவனம், தன்னுடைய இரண்டு பயிற்சி அறைகளுக்கு நடுவில் இருந்த ஜிப்சம் சுவரை எடுத்துவிட்டு அங்கே ஒரு மடக்குத் தடுப்பைப் பொருத்தியிருந்தது. சாதாரண நாட்களில் இரண்டும் தனித்தனி வகுப்பறைகள். காலாண்டுக்கு ஒருமுறை ஊழியர்கள் எல்லோரையும் கூட்டி நடத்தும் டவுன்ஹால் கூட்டத்தன்று தடுப்பை ஓரமாகத் தள்ளிவிட்டால் ஒரே பெரிய அறை. அதில் 140 நாற்காலிகள் போட முடியுமா, அவ்வளவு பேருக்கு ஏசி தாங்குமா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார்கள். வெளியேறும் வழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருந்ததால், அந்தக் கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சான்று, உள்ளே ஒரு தடுப்புகூட எழும்பாத நிலையில் அலுவலகப் பயன்பாட்டுக்கென்று கட்டடத்துக்குக் கொடுக்கப்பட்டது. வாடகைக்கு வந்தவர்கள் பின்னர் போட்ட அறைகளும் கதவுகளும் அந்த வரைபடத்தில் இல்லை.

அறையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நடைவழியை ஒட்டிய நீளம் 12 மீட்டர், உட்புற ஆழம் 9 மீட்டர், ஆக 108 சதுர மீட்டர். மடக்குத் தடுப்பு சரியாக நடுவில் வருவதால் ஒவ்வொரு பாதியும் 54 சதுர மீட்டர். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு கதவு. இரண்டும் நடைவழிப் பக்கத்திலேயே, தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, இரண்டு மீட்டர் இடைவெளியில், சுவர் உள்வாங்கிய ஒரே மாடத்துக்குள் இருந்தன. அந்த மாடத்துக்கு நேரெதிரில்தான் முதல் படிக்கட்டுக்குத் திரும்பும் வழி. கதவுகளை அங்கே வைத்ததற்கு வடிவமைப்பாளருக்கு நியாயமான காரணம் இருந்திருக்கிறது: இரண்டு அறைகளுக்கும் படிக்கட்டு பக்கம், சுவரில் உடைப்பும் குறைவு. அறைகள் இரண்டாக இருந்த வரையில் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நிர்வாகப் பிரிவு மேலாளரிடம் முதல் நாளே என் ஐயத்தைச் சொன்னபோது அவர் உண்மையிலேயே வியந்தார். "கதவு ரெண்டு இருக்கே சார், இன்னும் என்ன வேணும்?" என்றார். அந்தக் கேள்விக்கான முழுப் பதில்தான் இந்த ஆய்வு.

எந்த அறைக்கும் முதலில் வேண்டியது ஆள் கணக்கு. இத்தனை சதுர மீட்டருக்கு ஒருவர் என்று எடுத்துக்கொண்டு, அறையின் பரப்பை அதனால் வகுத்தால் வருவதே விதி பார்க்கும் ஆள் எண்ணிக்கை. அன்றைய தினம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அலுவலகப் பயன்பாட்டுக்கு 10 சதுர மீட்டருக்கு ஒருவர் என்று கொள்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவில் இருந்ததால், அங்கே பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய உள்விதி. அது கூட்ட அறைகளை அலுவலகக் கணக்கில் விடுவதில்லை. மேஜையும் நாற்காலியும் போட்ட இடத்துக்கு 15 சதுர அடிக்கு ஒருவர், நகர்த்தக்கூடிய நாற்காலிகள் மட்டும் வரிசையாகப் போட்ட இடத்துக்கு 7 சதுர அடிக்கு ஒருவர் என்று அது கணக்கிடுகிறது. மெட்ரிக் அளவில் ஏறத்தாழ 1.4, 0.65 சதுர மீட்டர்.

இந்த மூன்று எண்களையும் அந்த ஒரே அறையின் மேல் வைத்துப் பார்த்தேன். அலுவலகக் கணக்கில் 11 பேர். மேஜை போட்டால் 78 பேர். நாற்காலி மட்டும் என்றால் 167 பேர். சுவர் அதே சுவர், கதவு அதே கதவு. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் லிஃப்டில் ஏறி வந்து சேர்ந்த அன்று அந்த அறை, விதியின் பார்வையில், வேறொரு வகைக் கட்டடமாக மாறிவிடுகிறது. வரைபடத்தில் அறைக்குப் பெயர் "பயிற்சி அறை" என்று இருப்பதால் அது மாறிவிடாது. இதை நான் பலமுறை வலியுறுத்த வேண்டியிருந்தது. ஏனென்றால் எங்கள் துறையிலேயே பலர் பெயரைப் பார்த்துக் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

50 என்பதுதான் எல்லைக்கோடு. அமெரிக்க விதியில் 49 பேர் வரை ஒரு கூட்ட அறைக்கு ஒரே கதவு போதும், கதவை அடைவதற்கான தூரமும் வரம்புக்குள் இருந்தால். அலுவலகத்தின் துணை அறையாகவே அது கருதப்படும். 50 ஆனதும் அது கூட்டம் கூடும் இடம் என்ற வகைக்குப் போய்விடுகிறது. அப்போது இரண்டு வெளியேறும் வழிகள் வேண்டும். கதவுகள் வெளியேறுபவர்கள் போகும் திசையிலேயே திறக்க வேண்டும். பூட்டோ தாழ்ப்பாளோ போடுவதானால், உடலால் தள்ளினாலே விடுபடும் பேனிக் பார் மட்டுமே போடலாம். எக்ஸிட் பலகையும் அவசர விளக்கும் வேண்டும். இந்த அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற எண் முதன்மைக் கதவின் அருகே எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்திய விதித்தொகுப்பும் 50 பேருக்குக் குறையாமல் கூடும் கட்டடத்தை அல்லது கட்டடத்தின் பகுதியைக் கூட்டக் கட்டடங்களின் வகையில்தான் வைக்கிறது. "பகுதி" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நிர்வாகத்துக்குத் திரும்பத் திரும்பக் காட்டினேன்.

மடக்குத் தடுப்பு மூடியிருக்கையில் ஒவ்வொரு பாதியிலும் மேஜைக் கணக்கில் 39 பேர்; ஒரு கதவு போதும், உள்பக்கமாகத் திறந்தாலும் குற்றமில்லை. திறந்துவிட்டால் 78. திறக்கக்கூடிய தடுப்பு என்று ஒன்று இருந்துவிட்டால், அது திறந்திருக்கும் நிலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறைதான் திறக்கிறோம் என்ற வாதம் செல்லாது, அந்த நான்கு முறைதான் அறையில் ஆள் நிறைந்திருக்கிறது. எனவே சுவரை எடுத்துத் தடுப்பு போட்ட நாளிலேயே இந்த அறைக்கு இரண்டு கதவு என்ற நிபந்தனை வந்துவிட்டது.

கதவு இரண்டு இருந்தன. ஆனால் விதி கேட்பது ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும் இரண்டு கதவுகளை. அறையின் மிக நீளமான மூலைவிட்டத்தில் பாதியளவு தூரமாவது இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். கட்டடம் முழுவதும் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று அமெரிக்க விதி சலுகை தருகிறது. நம்முடைய அறைக்கு 9, 12 என்ற பக்கங்கள் அமைந்ததால் மூலைவிட்டம் பள்ளிக்கூடக் கணக்கைப் போலச் சரியாக 15 மீட்டர் வருகிறது. பாதி 7.5 மீட்டர், மூன்றில் ஒன்று 5 மீட்டர். இருந்ததோ இரண்டு மீட்டர். அந்த மாடத்தில் காகிதக் கூடை ஒன்று எரிந்தாலே இரண்டு கதவுகளும் சேர்ந்து பயனற்றுப் போகும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கதவுகளை, அகலம் கணக்கிடும்போது இரண்டாக எண்ணலாம். தப்பிக்கும் வழியாக எண்ணும்போது ஒன்றுதான்.

உள்ளலங்காரப் பணி செய்தவர் உடனே இரண்டு யோசனைகளைக் கொண்டுவந்தார். முதலாவது, இரண்டு கதவுகளையும் அறையின் இரு கோடிகளுக்கும் நகர்த்துவது. பத்து மீட்டர் இடைவெளி கிடைக்கும். ஆனால் மேற்குக் கோடியில் நடைவழி, படிக்கட்டுத் திருப்பத்தைத் தாண்டி எட்டு மீட்டர் போய், மின் அறையின் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட முட்டுவழி அலுவலகங்களில் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்றும், கல்வி, மருத்துவம், கூட்டம் ஆகிய பயன்பாடுகளில் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் இந்திய விதித்தொகுப்பு பிரித்துச் சொல்கிறது. புகையில் வழி தெரியாமல் தவறான பக்கம் திரும்பும் கூட்டம் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும் என்பதே அதன் காரணம். அலுவலகமாக இருந்தவரை குறையில்லாத அந்த எட்டு மீட்டர், அறை வகை மாறியதும் குறையாகிவிட்டது. யோசனையைக் கைவிட்டோம்.

இரண்டாவது யோசனை மலிவானது, கெட்டிக்காரத்தனமானதும்கூட. கிழக்குக் கதவை மட்டும் லிஃப்ட் கூடத்தின் பக்கமாக நான்கு மீட்டர் நகர்த்தினால் இடைவெளி ஆறு மீட்டராகிவிடும், ஸ்பிரிங்ளர் இருப்பதால் ஐந்து மீட்டர் போதும், கணக்கு தேறிவிடுகிறது. விதியின் எழுத்துப்படி இதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆயினும் நான் இதை ஏற்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். காரணங்கள் இரண்டு. முதலாவது, சலுகை முழுக்க முழுக்க ஸ்பிரிங்ளரை நம்பியது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மறுபடி வர்ணம் பூசியவர்கள் இரண்டு ஸ்பிரிங்ளர் தலைகளின் மேலும் சேர்த்துப் பூசியிருந்தது தெரிந்தது. வெப்பத்தில் உடைய வேண்டிய கண்ணாடிக் குமிழின் சிவப்பு நிறமே தெரியாத அளவுக்கு வெள்ளை படிந்திருந்தது. அப்படிப்பட்ட தலையைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டாவது காரணம் இன்னும் கனமானது: ஆறு மீட்டர் விலகியிருந்தாலும் இரண்டு கதவுகளும் திறப்பது ஒரே நடைவழியில்.

அதற்கு என்ன விலை என்பதைக் காட்டும் நிகழ்வு ஒன்று வரலாற்றில் இருக்கிறது. 1980 டிசம்பர் 4 அன்று காலை, நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் ஹாரிசன் என்ற ஊரில், ஸ்டௌஃபர்ஸ் இன் என்ற விடுதியில் நிறுவனங்களின் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்புதான் கட்டப்பட்ட புதிய கட்டடம் அது. மூன்றாவது தளத்தில் கூட்ட அறைகளுக்கு வெளியே இருந்த நடைவழிப் பகுதியில் தீப்பற்றியது. தீ தொடங்கியது அறைகளுக்குள் இல்லை. ஆனால் அறைகளிலிருந்து வெளியே போகும் பாதையே தீயாகவும் புகையாகவும் மாறியது. 26 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பட்ஜெட் பேசவும் திட்டம் போடவும் வந்திருந்த நிறுவன அதிகாரிகள். ஆரோ எலக்ட்ரானிக்ஸ் என்ற ஒரே நிறுவனம் தன் மூத்த அதிகாரிகளில் 13 பேரை அந்த ஒரு காலைப்பொழுதில் இழந்தது.

இரவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இல்லை அவர்கள். விழித்திருந்தவர்கள், நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள், பகல் வெளிச்சத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள். நடைவழி மட்டும் இல்லாமல் போயிற்று. கூட்ட அறைகளைப் பற்றி எழுதப்பட்ட எந்த விதியையும் படிக்கும்போது என் மனக்கண்ணில் அந்த மூன்றாவது தளம்தான் வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் அதுவரை எல்லா ஊர்களையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்தும் விதித்தொகுப்பு இருக்கவில்லை. 1981இல் அதற்கான சட்டம் வந்தது. 1984 ஜனவரி 1 முதல், நியூயார்க் நகரம் நீங்கலாக, மாநிலம் தழுவிய தீத்தடுப்பு, கட்டட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்ன பிறகுதான் மூன்றாவது வழி பேச்சுக்கு வந்தது. இருக்கும் இரண்டு கதவுகளையும் அப்படியே விட்டுவிட்டு, மேற்குப் பக்கச் சுவரில், நடைவழியிலிருந்து ஏழு மீட்டர் உள்ளே தள்ளி, புதிதாக ஒரு கதவை வைப்பது. அது நடைவழிக்குப் போகாது. ஊழியர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் திறந்த தளத்துக்குள் போய், அதன் வழியாக இரண்டாவது படிக்கட்டை அடையும். கிழக்குப் பாதியின் கதவிலிருந்து இந்தப் புதிய கதவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 9.9 மீட்டர். ஸ்பிரிங்ளர் சலுகை எதுவும் இல்லாமலே 7.5 மீட்டர் நிபந்தனை நிறைவேறுகிறது. தடுப்பை மூடினாலும் இரண்டு பாதிகளுக்கும் வழி கெடுவதில்லை.

எதிர்ப்பு வந்தது பாதுகாப்புப் பிரிவிலிருந்து. அந்த வேலைத்தளம் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரின் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி. கைப்பேசியைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். "அந்தக் கதவு வழியா ஒரு விசிட்டர் உள்ள வந்துட்டா, கிளையன்ட் ஆடிட்ல நாங்க என்ன சார் பதில் சொல்றது?" என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார். நான் அந்தக் கவலையைச் சிறிதாக எண்ணவில்லை. தகவல் வெளியே போனால் வேலை போகும் என்பது அவருக்கு ஒவ்வொரு நாளும் இருக்கும் நெருக்கடி. அதே சமயம், தப்பிக்கும் கதவைச் சாவிக்கு அடிமையாக்குவதற்கு விதித்தொகுப்புகள் பொதுவாக இடம் தருவதில்லை. எந்தப் பக்கத்தவருக்காகக் கதவு வைக்கப்பட்டதோ அந்தப் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று இந்திய விதி தெளிவாகவே சொல்கிறது.

தீர்வு இயந்திர முறையிலேயே கிடைத்தது. கூட்ட அறைப் பக்கம் பேனிக் பார். தள்ளினால் உடனே திறக்கும், திறந்த நொடியே கதவின் தலைக்கு மேல் இருக்கும் சைரன் அலறும், கேமராவும் பார்க்கும். வேலைத்தளப் பக்கம் கைப்பிடியே கிடையாது. யாரும் தெரியாமல் அந்த வழியாக நுழைய முடியாது. யாரையும் அது தடுத்து நிறுத்தவும் முடியாது. இதோடு வேறு இரண்டு நிபந்தனைகளையும் எழுதிக்கொடுத்தோம். புதிய கதவிலிருந்து இரண்டாவது படிக்கட்டு வரை மேஜைகளுக்கு நடுவே தெளிவான பாதை விட வேண்டும். வேலைத்தளத்திலிருந்து படிக்கட்டுக்குப் போகும் கதவும் எந்நேரமும் உள்ளிருந்து தடையின்றித் திறக்க வேண்டும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறை வழியாக வெளியேறலாம் என்றாலும், அந்த இன்னோர் அறை பூட்டி வைக்கப்படுமானால் முதல் அறையின் கதவு சுவரில் வரைந்த கதவுதான். கிடங்கு அறை, சமையலறை வழியாக வெளியேறும் வழியைக் காட்டுவதை அமெரிக்க விதி பொதுவாக ஏற்பதில்லை.

பழைய கதவுகளைச் சோதித்த அன்று நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டிலும் ஆக்சஸ் கார்டு காட்டினால் விடுபடும் காந்தப் பூட்டுகள். தீ எச்சரிக்கை ஒலித்தாலும் மின்சாரம் நின்றாலும் இவை தாமாக விடுபட வேண்டும். மின்பெட்டியில் அந்தச் சுற்றின் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கினோம்; கதவு திறக்கவில்லை. பூட்டின் இணைப்பு யு.பி.எஸ்.ஸிலிருந்து வந்துகொண்டிருந்தது. சரி, தீ எச்சரிக்கைப் பலகையிலிருந்து சமிக்ஞை வந்தால் விடுபடும் என்று பராமரிப்பு ஊழியர் சொல்ல, தீயைக் கண்டவர் கையால் அழுத்தி எச்சரிக்கை எழுப்பும் மேன்யுவல் கால் பாயிண்டை அழுத்தினோம். ஒலி கேட்டது, கதவு அசையவில்லை. ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தால், எச்சரிக்கைப் பலகையிலிருந்து வந்த இரண்டு கோர் சிவப்பு ஒயர், முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றியபடி, எதிலும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கதவருகே இருந்த பச்சை அவசரப் பெட்டி மட்டும் வேலை செய்தது. அதுவும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்பி அதன் வழியாகத்தான். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி செயலிழந்தால் பச்சைப் பெட்டியின் பொத்தானும் செயலிழக்கும். பொத்தான் பூட்டின் மின்சாரத்தை நேராகத் துண்டிக்க வேண்டும், அழுத்தியபின் குறைந்தது 30 நொடியாவது பூட்டு விடுபட்டே இருக்க வேண்டும், கதவிலிருந்து ஐந்தடிக்குள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பது ஏன் என்பது அன்று அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் அறைக்கு உட்பக்கமிருந்து வெளியேறுவதற்குக் காந்தப் பூட்டையே நீக்கிவிட்டு, அங்கும் பேனிக் பாரே பொருத்தினோம்.

கதவுகள் இரண்டும் அறைக்கு உள்பக்கமாகத் திறந்தன. அதைத் திருப்பி மாட்டுவதற்கு மாடம் உதவியது. வெளியே திறந்தாலும் நடைவழியின் அகலத்தில் கதவு குறுக்கிடவில்லை. உள்ளே திறக்கும் கதவு ஆபத்தானது, ஏனென்றால் பின்னால் இருப்பவர்கள் நெருக்க நெருக்க, முன்னால் இருப்பவரால் கதவைத் தன் பக்கம் இழுக்க இடமே இருக்காது. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோகனட் குரோவ் என்ற கேளிக்கைக் கூடத்தில் 492 பேர் இறந்ததற்கான காரணங்களில் சுழல் கதவோடு உள்பக்கம் திறக்கும் கதவும் சேர்ந்திருந்தது.

புதிய கதவை இரட்டைக் கதவாக, இரண்டு மீட்டர் அகலத்தில் போட்டோம். 167 பேருக்கு, தலைக்கு 6.5 மில்லிமீட்டர் என்ற இந்தியக் கணக்கில் மொத்தம் 1086 மில்லிமீட்டர் போதும். ஆனால் கூட்டக் கட்டடங்களின் வெளியேறும் கதவு 2000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று அதே விதித்தொகுப்பு சொல்வதால், அலுவலகத்துக்குள் இருக்கும் அறைக்கு அது பொருந்துமா என்று வாதிடுவதை விட்டுவிட்டுப் பெரிய அளவையே எடுத்துக்கொண்டோம். இரட்டைக் கதவில் நம் ஊரில் வழக்கமாக ஒரு தவறு நடக்கும். ஒரு பாதியை மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு நிறுத்திவிட்டு, மறு பாதியை மட்டும் புழங்குவார்கள். தச்சர் இங்கேயும் பழக்கத்தில் அப்படியே தாழ்ப்பாள் பொருத்தி, தரையில் துளையும் போட்டுவிட்டார். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டால் இரண்டு மீட்டர் கதவு ஒரு மீட்டர் கதவாகிவிடும். கழற்றச் சொல்லி, தரைத் துளையை அடைத்து, இரண்டு பாதிக்கும் தனித்தனிப் பேனிக் பார் போட வைத்தோம்.

வேலை முடிந்து மூன்று வாரம் கழித்துப் போனபோது மேற்குச் சுவரில் கதவைக் காணவில்லை. நிறுவனத்தின் பிராண்ட் பிரிவினர் சுவர் முழுக்க மலைத்தொடர் படம் அச்சிட்ட வினைல் ஒட்டியிருந்தார்கள். கதவின் மேலும் ஒட்டி, பேனிக் பாருக்கு மட்டும் செதுக்கி விட்டிருந்தார்கள். எக்ஸிட் பலகை மலைச்சிகரத்தின் மேல் எரிந்துகொண்டிருந்தது. கதவு கதவாகத் தெரிய வேண்டும். திரைச்சீலையோ அலங்காரமோ அதை மறைக்கக் கூடாது, கண்ணாடி பதித்துக் குழப்பக் கூடாது. அன்று மாலையே கதவின் மேலிருந்த பகுதியை உரித்து எடுத்தார்கள்.

நாற்காலி வரிசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லியில் 1997 ஜூன் 13 அன்று உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தபோது, பால்கனியில் கூடுதலாகப் போட்ட இருக்கைகளும் வலப்பக்க வெளியேறும் வழியை அடைத்துக் கட்டிய எட்டு இருக்கைத் தனியறையும் நீதிமன்றங்களில் முக்கியப் பொருளாயின. அங்கே கட்டியிருந்தது நிலையான இருக்கை. இங்கே வாடகை நாற்காலி, ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வந்து வேறு விதமாகப் போடுவார். எனவே நாற்காலி அமைப்பின் வரைபடத்தை லேமினேட் செய்து சுவரில் மாட்டி, மூன்று கதவுகளுக்கும் முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டோம். காபி மேஜை எப்போதும் ஆள் நடமாட்டம் குறைந்த கதவுக்கு முன்னால்தான் போய் நிற்கும் என்பது என் நீண்ட நாள் அனுபவம். அதற்குத் தனி இடம் குறித்துக்கொடுத்தோம்.

ஒலிப்புகா அறைகளில் எச்சரிக்கை மணி உள்ளே கேட்காது என்பதையும் அங்கே கண்டோம். அறைக்குள் தனி ஒலிப்பானும் மின்னும் விளக்கும் வைத்து, எச்சரிக்கை வந்ததும் மேடையின் ஒலிபெருக்கி தானாக நின்றுபோகும்படி இணைத்தோம்.

அறையின் கணக்கு இத்துடன் தீர்ந்தது. ஆனால் அறையை விட்டு வெளியே வந்தவர்கள் படிக்கட்டில் இறங்க வேண்டும். தளத்தில் 1500 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு படிக்கட்டுகள். தலைக்கு 10 மில்லிமீட்டர் வீதம் ஒவ்வொன்றும் 150 பேரை ஏற்கும், இரண்டும் சேர்ந்து 300. கூட்ட அறை நீங்கலாகத் தளப்பரப்பு 2000 சதுர மீட்டர், அதில் 200 பேர். மிச்சம் 100. நிர்வாகம் கேட்ட 140 நாற்காலிகளும் நிரம்பினால் தளத்தில் 340 பேர். அதே ஊழியர்கள்தானே, இங்கே உட்கார்ந்தால் அங்கே மேஜை காலியாகத்தானே இருக்கும் என்று நிதிப் பிரிவின் தலைவர் கேட்டார். ஐந்தாவது தளத்து ஊழியர்களுக்கு அது உண்மை. ஆனால் டவுன்ஹால் என்பதே நிறுவனத்தின் மற்ற மூன்று தளங்களிலிருந்தும் ஆள் வரும் நாள். அன்று தங்கள் மேஜையை விட்டு எழாத சேவைப் பிரிவும் இந்தத் தளத்தில்தான் இருந்தது. படிக்கட்டை அகலமாக்க முடியாது. அறை 167 பேரைத் தாங்கும் என்று கணக்கு சொன்னாலும், கதவுகள் இன்னும் அதிகமானவர்களை வெளியே விடும் என்றாலும், பலகையில் எழுத வேண்டிய எண் படிக்கட்டிலிருந்து வந்தது.

கிழக்குக் கதவின் அருகே, கண் மட்டத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் 100 என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். டவுன்ஹால் கூட்டம் இப்போது காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று இரண்டாகப் பிரித்து நடக்கிறது.